கொம்புத்தேனும் மரக்காலும்

"முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல" என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. எட்டாததற்கு ஏங்குகிறவனை இடித்துரைக்க அதனைக் கையாளுகின்றோம். தேன் மரக்கொம்பில் இருக்கிறது. காலிழந்தவன் மரத்தடியில் இருக்கிறான். அவன் அண்ணாந்து பார்ப்பதே நமக்கு நகைப்பாகிவிடுகிறது. அவனுக்கும் பசி உண்டு, சுவை அறியும் நா உண்டு, உழைக்கும் கை உண்டு என்பதை அப்பழமொழி எண்ணுவதில்லை. அவன் ஏறுதற்கு ஒரு வழி செய்வோம் என்று மரத்தடியில் நின்ற ஒருவரேனும் சொன்னாரா என்றும் அது கேட்பதில்லை.

அவ்வாறு சொன்னவரும் செய்தவரும் உலகில் உண்டு. அவர்தம் வரலாறே இக்கட்டுரையின் பொருள். காலிழந்தோர்க்குச் செயற்கைக் கால் செய்த வரலாறு பெரும்பாலும் மருத்துவரின் பெருமையாகவும் கருவியின் வியப்பாகவும் எழுதப்பட்டு வந்திருக்கிறது. நாம் அதனை வேறொரு கேள்வியோடு நோக்க விரும்புகிறோம். கால் பெற்றுக்கொண்டு வீடு திரும்பியவர் மறுநாள் காலையில் என்ன செய்தார்? தரையில் உட்கார முடிந்ததா? வேலைக்குப் போனாரா? கல்யாண வீட்டுப் பந்தியில் மற்றவரோடு அமர்ந்தாரா? அன்றி, அக்காலைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு, வாசலிலேயே பொழுதைப் போக்கினாரா? மூலையில் சாத்திய கால் தோட்டத்து லயங்களிலும் நகரத்து அடுக்குமாடி வீடுகளிலும் நாம் காணாத காட்சியன்று. அது மூலைக்குப் போன காரணத்தை அறிய வேண்டுமானால், சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

இழந்த காலுக்கு மாற்றுத் தேடும் எண்ணம் மிகப் பழமையானது. இருக்கு வேதத்திலே விஸ்பலை என்பாள் போரில் காலிழந்தாள் என்றும், அசுவினி தேவர் அவளுக்கு உலோகக் கால் அளித்தனர் என்றும் ஒரு கதை உண்டு. தேவர் தந்த காலைக் கதையில்தான் காணலாம். மக்கள் கையால் செய்ததைக் கண்ணாலேயே காணலாம். எகிப்து நாட்டில் லக்சர் நகரத்தருகே உள்ள பண்டைக் கல்லறையொன்றில், ஒரு பெண்ணின் பதப்படுத்திய உடலோடு, வலக்காற் பெருவிரலுக்கு மாற்றாக மரத்தாலும் தோலாலும் செய்த விரல் ஒன்று கிடைத்தது. அதன் வயது ஏறத்தாழ 2,700 முதல் 3,000 ஆண்டுகள். அது பிணத்துக்கு இட்ட அணியன்று. அணிந்து நடந்து தேய்ந்த பொருள். மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அதைப்போலவே ஒன்று செய்து, பெருவிரல் இழந்தவர்க்கு அணிவித்துப் பார்த்தபோது, அவர்கள் எகிப்தியச் செருப்போடு செவ்வனே நடந்தனர். இத்தாலியில் காப்புவா என்னுமிடத்தில் கிடைத்த மரமும் வெண்கலமும் சேர்ந்த கால் கி.மு. 300-ஐ ஒட்டியது. அது இலண்டனில் அறுவை மருத்துவர் கல்லூரியில் வைக்கப்பட்டிருந்து, 1941-ஆம் ஆண்டு குண்டுவீச்சில் அழிந்தது. கால்களைப் பறிக்கும் போர், காலின் வரலாற்றையும் விட்டுவைக்கவில்லை.

ஐரோப்பாவில் இத்தொழிலை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அம்புருவாசு பாரே என்னும் பிரெஞ்சுக்காரர். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர் நாவிதத் தொழிலோடு இணைந்த அறுவை மருத்துவராகத் தொடங்கி, அரசர்களுக்கே மருத்துவரானவர். கால் அறுத்த இடத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்துக் குருதியை நிறுத்திய கொடுமையை ஒழித்து, குருதிக்குழாய்களை நூலால் கட்டும் முறையை அவர் பரப்பினார். அவருடைய நூலில் இரண்டு செயற்கைக் கால்களின் படங்கள் உள்ளன. ஒன்று, பூட்டுத் தொழிலாளியின் நுண்கைவண்ணம் கொண்டது: முழங்காலில் பூட்டும் கணுக்காலில் அசைவும் உடையது. மற்றொன்று, மடக்கிய முழங்காலை ஒரு மெத்தையில் ஊன்றிக்கொண்டு நடக்கும் வெறுங்கட்டை. இரண்டாவதற்குப் பாரே இட்ட பெயர், ஏழைகளுக்கான மரக்கால் என்பதாகும்.

இப்பெயர் நம் சிந்தனைக்கு உரியது. கத்தி ஏழையென்றும் செல்வனென்றும் பார்த்து வெட்டுவதில்லை. வெட்டிய பின் கிடைக்கும் காலிலோ அப்பாகுபாடு வந்துவிடுகிறது. 1815-ஆம் ஆண்டு வாட்டர்லூப் போரில் ஆங்கிலக் குதிரைப்படைத் தலைவர் ஒருவர் காலிழந்தார். பிற்காலத்தில் ஆங்கிள்சி பிரபு எனப் பெயர் பெற்ற அவருக்கு, முழங்கால் மடங்கும்போது பாதம் தானே உயரும்படி, நரம்புக் கயிறுகள் பூட்டிய கால் ஒன்றை இலண்டன் கைவினைஞர் பாட்ஸ் செய்து கொடுத்தார். அக்காலோடு அவர் அயர்லாந்தை இருமுறை ஆண்டார். 1846-இல் தளபதிப் பட்டங்களுள் உயர்ந்ததையும் பெற்றார். ஒற்றைக்காலன் நாடாளலாமா என்று எவரும் கேட்கவில்லை. அதே போரில் காலிழந்த எளிய சிப்பாய்க்கு அந்தக் கேள்வியே வாழ்நாள் முழுவதும் காத்திருந்தது. குறை காலில் இருந்ததா, காலிழந்தவனின் பையில் இருந்ததா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

எளியவர் கால்களைப் பற்றி அரசுகள் கவலைப்படத் தொடங்கியது, அவர்களை ஆயிரக்கணக்கில் போருக்கு அனுப்பிய பிறகே. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861-ஆம் ஆண்டு, ஜேம்ஸ் ஹாங்கர் என்னும் 18 வயது மாணவர் பீரங்கிக் குண்டால் ஒரு காலை இழந்தார். கொடுத்த கட்டைக்கால் மனத்துக்கு ஒவ்வாமையால், பீப்பாய்ப் பலகைகளைச் செதுக்கித் தமக்குத் தாமே மடங்கும் கால் செய்துகொண்டார். பின்னர் பிறர்க்கும் செய்தளித்தார். காலின் குறையை அணிந்தவரே நன்கறிவர் என்பதற்கு இஃது ஒரு சான்று. 1913-இல் விமான விபத்தில் காலிழந்த ஆங்கிலேயர் மார்செல் டிசூட்டருக்கு, அவர் உடன்பிறந்தவர் அலுமினியத்தால் கால் செய்தார். மரத்தின் பாரம் குறைந்தது. அடுத்து வந்த முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையினர் மட்டும் 41,000-க்கு மேற்பட்டோர் கையோ காலோ இழந்தனர். அவர்களுக்காக 1915-இல் இலண்டனை அடுத்த ரோஹாம்டனில் தனி மருத்துவமனை எழுந்தது.

ஆனால் கால் கிடைத்தவர்க்கு வேலை கிடைக்கவில்லை. ஊனமுற்ற முன்னாள் படைவீரரை நூற்றுக்கு ஐவர் வீதம் சேர்த்துக்கொள்ளும்படி 1919-இல் முதலாளிமாரை அரசு கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோளே, கட்டாயமன்று. இரண்டாம் உலகப்போர் முடியுமுன், 1944-இல், இருபதும் அதற்கு மேலும் வேலையாட்கள் உள்ள இடங்களில் நூற்றுக்கு மூவர் ஊனமுற்றோராயிருத்தல் வேண்டும் எனச் சட்டமே செய்யப்பட்டது. அதில் படைவீரர் மட்டுமன்றி எல்லோரும் அடங்கினர். கால் செய்யும் பட்டறை பாதி வேலையைச் செய்கிறது. மற்றப் பாதியைத் தொழிற்சாலையின் வாசல் செய்யவேண்டும் என்பதை ஒரு நாடு இரண்டு பெரும் போர்களுக்குப் பிறகே கற்றது.

அதே போர்க்காலத்தில் நம்மவர் கால்களுக்கு நேர்ந்தது யாது? 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்குமிடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தனர். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காட்டிலே மூங்கில் கீறிய சிறு காயம், உணவும் மருந்துமின்றிச் சீழ்ப்புண்ணாகி, எலும்பு வரை அரித்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஆல்பர்ட் கோட்ஸ், பர்மாப் பகுதி முகாமொன்றில், ஏறத்தாழ 120 கைதிகளின் கால்களை அறுக்க நேர்ந்தது. பின்னர் சயாமில் நகோன் பாத்தோம் மருத்துவ முகாமிலும், இங்கே சிங்கப்பூரில் சாங்கியிலும், கைதிகள் கிடைத்த மரத்தையும் உலோகத் துண்டுகளையும் கொண்டு தம் தோழர்க்குச் செயற்கைக் கால்கள் செய்தனர். கொடுஞ்சிறையிலும் அவர்களிடம் மருத்துவர் இருந்தனர், தச்சர் இருந்தனர், ஏட்டில் எழுதுவோர் இருந்தனர். நம் தொழிலாளர் முகாம்கள் பெரும்பாலானவற்றில் மருத்துவரும் இல்லை. மாண்டவர் பெயரை ஒழுங்காக எழுதிவைப்பாரும் இல்லை. புண்ணோடு திரும்பியவரும் காலின்றித் திரும்பியவரும் எத்தனை பேர் என்று கேட்டால் விடை சொல்ல ஏடு இல்லை. எண்ணப்படாதவர்க்குக் கால் எவ்வாறு செய்யப்படும்?

இனி இந்தியாவை நோக்குவோம். அங்கும் போரே வழி திறந்தது. காயமுற்ற படைவீரர்க்காக 1944-இல் புனா நகரில் செயற்கை உறுப்பு நிலையம் நிறுவப்பட்டது. ஆயினும் அக்காலத்துக் கால்கள் மேல்நாட்டு வாழ்க்கைக்கு ஏற்றவை. 1950-களில் அமெரிக்காவில் உருவாகி எங்கும் பரவிய பாதம், கணுக்கால் அசையாமல், குதிகாலில் மெத்தை வைத்துச் செய்யப்பட்டது. நாற்காலியில் அமர்ந்து, சப்பாத்து அணிந்து, சமதரையில் நடப்பவர்க்கு அது நன்று. வயலில் இறங்குபவர் சப்பாத்தோடு எவ்வாறு இறங்குவது? குந்தி உட்கார்ந்து மலங்கழிப்பவர், சம்மணமிட்டு உண்பவர், மிதியடி கழற்றி வீட்டுக்குள் நுழைபவர் என் செய்வது? ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூர் மருத்துவமனையில் எலும்பு மருத்துவராயிருந்த பி. கே. சேத்தி, செயற்கைக் கால் பெற்ற குடியானவர்கள் அதனை எறிந்துவிட்டு மீண்டும் கட்டையூன்றி வருவதைக் கண்டார். நோயாளி அறியாதவர் என்று அவர் முடிவு கட்டவில்லை. கால்தான் வாழ்க்கையை அறியாதது என்று உணர்ந்தார்.

இவ்வுணர்வுக்கு உருக்கொடுத்தவர் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞர். ஏட்டுப் படிப்பு குறைந்தவர், கைத்திறம் நிறைந்தவர். மிதிவண்டியின் சக்கரம் பழுதாகிக் கடையில் நின்றவர், அங்கே லாரிச் சக்கரத்துக்கு ரப்பர் உருக்கி ஒட்டுவதைக் கண்டு, இதுவே பாதமாகலாமே என்று எண்ணினார் என்று சொல்வர். 1968-ஆம் ஆண்டளவில் 'ஜெய்ப்பூர்க் கால்' உருவாயிற்று. முன்பாதமும் குதியும் பஞ்சு போன்ற ரப்பர், கணுப்பகுதி மரம், இம்மூன்றையும் சேர்த்து, சக்கரத்துக்கு இடும் நாரிழை ரப்பரால் கட்டி, மேலே தோல் நிற ரப்பர் போர்த்தி, அச்சிலிட்டு வேகவைத்தால் பாதம் ஆயிற்று. விரல்கள் உண்டு, நீர் புகாது, சப்பாத்து வேண்டா. பல பக்கமும் வளைவதால் குந்தலாம், சம்மணமிடலாம், மேடுபள்ளத்தில் நடக்கலாம். பாதத்துக்கு மேலுள்ள காற்பகுதியை முதலில் உள்ளூர்த் தட்டார் அலுமினியத் தகட்டில் அடித்தனர். பின்னர் நீர்ப்பாய்ச்சும் குழாய் செய்கிற பிளாஸ்டிக் அதற்கு உதவியது.

ரப்பர் என்றவுடன் தோட்டத்து மக்கள் தம் கையையே நினைப்பர். விடியுமுன் எழுந்து நம் முன்னோர் வெட்டிய மரத்தின் பால், உலகத்து வண்டிகளுக்கெல்லாம் சக்கரமாயிற்று என்பதை நாமறிவோம். அதே பொருள் வறியவன் ஒருவனுக்குப் பாதமும் ஆகும் என்பதை ஒரு தொழிலாளியின் கண்ணே கண்டது. சேத்தி 1981-இல் மகசேசே விருது பெற்றார், அது தகும். ஆனால் ராம் சந்திரரின் பெயரை உலகம் காலந்தாழ்த்தியே அறிந்தது. கையால் செய்தவனைப் பின்வரிசையில் நிறுத்தும் வழக்கம் மருத்துவமனைக்குள்ளும் உண்டு போலும்.

செய்த கால் ஏழைக்குச் சேர மற்றொருவர் வேண்டியிருந்தது. 1969-இல் வண்டி விபத்தில் தம் காலையே இழக்கும் நிலைக்குச் சென்று தப்பிய அரசு அலுவலர் டி. ஆர். மேத்தா, 1975-இல் ஜெய்ப்பூரில் ஓர் அறச்சங்கத்தை நிறுவினார். அங்கு வருவோர்க்குக் கால் விலையின்றி அளிக்கப்படுகிறது. பாரேயின் நூலில் ஏழைக்கென ஒதுக்கிய வெறுங்கட்டை எங்கே, ஏழையின் வாழ்வையே அளவுகோலாகக் கொண்டு செய்த இந்தக் கால் எங்கே! நானூறு ஆண்டுக்கால இடைவெளி அது.

இக்காலோடு தமிழர்க்கு நெருங்கிய தொடர்பும் உண்டு. நம் மொழியில் மரக்கால் என்றால் நெல் அளக்கும் கருவி. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்றுக்கும் மரக்காலாடல் என்று பெயர். காப்பியத்தில் படித்த பெயர், நம் காலத்தில் உண்மையாயிற்று. பரதம் பயின்ற இளம்பெண் சுதா சந்திரன், 1981-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பேருந்து விபத்துக்குள்ளானார். காயம் அழுகி, ஒரு கால் அகற்றப்பட்டது. ஜெய்ப்பூர்க் கால் அணிந்து, வலியோடும் குருதியோடும் மீண்டும் பயின்று, 1984-இல் பம்பாய் மேடையில் ஆடினார். அவர் கதை தெலுங்கில் 'மயூரி' என்னும் படமாயிற்று. அதில் தம் வேடத்தைத் தாமே தாங்கினார். அவரைப் புகழ்வது எளிது. ஆனால் ஆடத் தெரியாத, மேடை ஏறாத ஆயிரம் பேர்க்கும் அதே கால் தேவை. சந்தைக்குப் போதலும், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுதலும் செய்தித்தாளில் வாரா. வாழ்க்கை அவற்றால்தான் ஆயது.

இலங்கைப் போரில் இதனை நம்மினம் கசப்போடு அறிந்தது. கண்ணிவெடியும் குண்டும் கால்களைப் பறிக்க, 1987-இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூரின் பெயரையே தாங்கிய நிலையம் ஒன்று தோன்றியது. கால் செய்வதோடு அமையாமல், தொழில் செய்து பிழைக்கவும் அது துணைநின்றது. 2009-இல் போர் ஓய்ந்தது. மண்ணுள் புதைந்த வெடிகள் ஓயவில்லை. கண்ணிவெடியை விலக்கும் 1997-ஆம் ஆண்டு உலக ஒப்பந்தத்தில் இலங்கை 2017-இல் சேர்ந்தது. நமக்கு அண்மையில், சயாமில், மருத்துவர் தெர்ட்சாய் ஜிவாகேட் 1992 முதல் அரச அன்னையின் பெயரால் அமைந்த அறநிலையத்தின் வழியே ஏழைகட்கு இலவசமாகக் கால் அளித்தார். ஒரு காலத்தில் நம் தொழிலாளர் கால்கள் அழுகிய நாட்டில், இன்று எளியவர்க்குக் கால் செய்யும் பட்டறை இருக்கிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று கால்களைப் பறிப்பது போரன்று, நீரிழிவு. மலேசியாவில் 2019-இல் எடுத்த நாடளாவிய ஆய்வின்படி, வயது வந்தோருள் 18.3 சதவீதத்தினர்க்கு இந்நோய் உண்டு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அது மிகுதி. சிங்கப்பூரிலும் நிலை அதுவே. இந்நோய் பாதத்தின் உணர்ச்சியை மெல்ல மாய்க்கிறது. செருப்புக் கடித்தது தெரியாது. முள் ஏறியது தெரியாது. தெரியும்போது புண் எலும்பைத் தொட்டிருக்கும். ஆகவே முதற்கடமை, இரவுதோறும் இரு பாதங்களையும் உள்ளங்கால் வரை பார்ப்பது. கண்ணாடி வைத்தேனும், பிள்ளைகளை அழைத்தேனும் பார்ப்பது. காலை அகற்றியே தீரவேண்டுமெனில், முழங்காலைக் காக்க முடியுமா என்று மருத்துவரைக் கேட்கவேண்டும். முழங்கால் இருப்பவர் நடை எளிது. இல்லாதவர்க்கு ஒவ்வோர் அடிக்கும் மிகுந்த வலிவு செலவாகும்.

கால் கிடைத்த பின்னும் நாள்தோறும் உழைப்பு உண்டு. எஞ்சிய கால் முதலாண்டில் சுருங்கும். அதனால் நேற்றுப் பொருந்திய உறை இன்று உராயும். நம் நாட்டு வெப்பத்தில் உள்ளே வியர்வை தேங்கும், தோல் புண்ணாகும். கழுவி, உலர்த்தி, காலுறை மாற்றவேண்டும். வலி எடுத்தால் பட்டறைக்குச் சென்று உறையைத் திருத்திக்கொள்ளவேண்டும். இல்லாத பாதம் இருப்பதுபோல் வலிப்பதும் உண்டு. அது பைத்தியமன்று, பேயும் அன்று. மூளை பழைய காலை மறவாமையே. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990-களில், ஒரு நிலைக்கண்ணாடியில் நல்ல உறுப்பின் நிழலைக் காட்டி இவ்வலியைத் தணிக்கும் எளிய முறையைக் கண்டார். இவற்றையெல்லாம் சொல்லிக்கொடுப்பார் இல்லாதபோதுதான் கால் மூலைக்குப் போகிறது.

மூலைக்குப் போக மற்றொரு காரணமும் உண்டு. அது நாம். "முன்வினைப் பயன்" என்று ஒருவர் பெருமூச்செறிகிறார். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரே வரவேண்டாம் என்று மற்றொருவர் முகஞ்சுளிக்கிறார். பெயரை மறந்து "நொண்டி" என்றே அழைக்கும் கூட்டமும் உண்டு. சர்க்கரையால் வந்த புண்ணுக்கும் இயந்திரத்தில் சிக்கிய காலுக்கும் முற்பிறப்பில் காரணம் தேடுபவர், இப்பிறப்பில் ஒரு சாய்தளம் கட்டமாட்டார். மலேசியாவில் அரசு வேலைகளில் நூற்றுக்கு ஒன்று ஊனமுற்றோர்க்கு என்னும் கொள்கை 1988 முதல் உண்டு. 2008-இல் ஊனமுற்றோர் சட்டமும் வந்தது. ஊனமுற்றோர் உரிமைக்கான உலக உடன்படிக்கையை மலேசியா 2010-இலும் சிங்கப்பூர் 2013-இலும் உறுதிசெய்தன. வேலையில் அடிபட்ட தொழிலாளர்க்கு மலேசியாவின் 'பெர்க்கேசோ' செயற்கை உறுப்பும் பயிற்சியும் அளிக்கிறது. 2014 முதல் மலாக்காவில் அதன் மறுவாழ்வு நிலையமும் இயங்குகிறது. இவை உரிமைகள், பிச்சையல்ல. கேட்டுப் பெறுவதற்கு வெட்கப்படுவதற்கில்லை. மனு எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக்கொடுத்தல் படித்த இளைஞர் கடமை.

நம் சங்கங்களும் மன்றங்களும் தம் படிக்கட்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். கூட்டம் மாடியில் நடந்தால், காலிழந்தவர்க்கு அழைப்பிதழ் அனுப்பியும் பயனில்லை. கைப்பிடியில்லாத கழிவறை, உட்கார இடமில்லாத கல்யாண மண்டபம், "உனக்கேன் சிரமம், வீட்டிலேயே இரு" என்னும் அன்பான சொல் ஆகிய மூன்றும் ஒருவரை வீட்டில் பூட்டிவைக்கப் போதுமானவை. அச்சொல் அன்பினால் பிறந்ததாயினும், பூட்டு பூட்டே.

ஜெய்ப்பூர்க் கால் அணிந்தோர் செய்யவல்லவற்றைச் சொல்லுவோர் தவறாது ஒன்று சொல்வர்: அவர்கள் மரம் ஏறுகிறார்கள். ரப்பர்ப் பாதம் மரத்தண்டைப் பற்ற, கையை மேலே வீசி, கொம்புவரை சென்று இறங்குகிறார்கள். பழமொழி சொன்ன நம் முன்னோர் இதனைக் கண்டாரல்லர், நாமோ கண்டோம். ஆதலின் அப்பழமொழியை இனி நாவில் எடுக்குமுன் சற்றே நிற்போம். நம் வீட்டு மூலையில், நம் அண்டைவீட்டு மூலையில், ஒரு கால் சாத்திக் கிடக்கிறதா என்று பார்ப்போம். கிடக்குமானால், அதற்கு உரியவரிடம் சென்று, எங்கே வலிக்கிறது, எங்கே போக விருப்பம் என்று கேட்போம்.